வடம் வந்தபின் தீவுகளில் நடந்தது என்ன?

சென்னையிலிருந்து வங்கக் கடலின் அடித்தரை வழியே போர்ட் பிளேருக்குக் கொண்டுசெல்லப்பட்ட கண்ணாடியிழை வடம் 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். மதிப்பீடு 1,224 கோடி ரூபாய். சுவராஜ் தீவு, லாங் தீவு, ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் என அதன் கிளைகள் வடக்கும் தெற்கும் நீண்டன. அதுவரை செயற்கைக்கோளின் குறுகிய அலைவரிசையை நம்பி, ஒரு விண்ணப்பத்தைப் பதிவேற்றப் பாதி இரவு விழித்திருந்த மக்கள், பெருநகரத்தார் பார்ப்பதையும் பகிர்வதையும் அதே நொடியில் தாமும் பார்க்கவும் பகிரவும் தொடங்கினர்.

ஐந்தாண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. அந்த வடத்தைப் பற்றிப் பொதுவெளியில் கிடைக்கும் செய்திகளைத் திரட்டினால் அவற்றுள் பெரும்பாலானவை அளவுகளாகவே இருக்கின்றன. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே நொடிக்கு 200 கிகாபிட் கொண்ட இரு தடங்கள். பிற தீவுகளுக்கு 100 கிகாபிட் கொண்ட இரு தடங்கள். பொறியாளருக்கு இவை இன்றியமையாதவை. ஆயினும் ஒரு மக்கள் கூட்டம் தன் உறவுகளை எவ்வாறு பேணுகிறது, யார் சொல்லை நம்புகிறது, எதை வதந்தியென்று தள்ளுகிறது, எந்த மொழியில் வழக்காடுகிறது, எந்த மொழியில் அழுகிறது என்பனவும் இந்த ஆண்டுகளில் மாறியிருக்கின்றன. அம்மாற்றத்தைக் கேட்டறிந்து எழுதிவைக்கும் கடமை சமூகவியலுக்கு உரியது. அந்தக் கடமை இத்தீவுகளில் இன்னும் உரியவாறு நிறைவேறவில்லை. அதை இனியும் ஒத்திப்போடலாகாது என்பதே நம் கருத்து.

கணக்கிலேயே இத்தீவுகள் தனித்துத் தெரிவதில்லை. தொலைத்தொடர்பு உரிமப் பகுதிகளை வகுத்தபோது அந்தமான் நிக்கோபார் தீவுகள் மேற்கு வங்கத்தோடும் சிக்கிமோடும் ஒரே பகுதியில் சேர்க்கப்பட்டன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்ந்தோர் 3,80,581 பேர். கோடிக்கணக்கானோர் வாழும் வங்கத்தின் தொகையில் இவர்கள் கரைந்துபோகின்றனர். கமோர்ட்டாவில் ஒரு கோபுரம் பழுதாகி ஒரு வாரம் ஊரே பேச்சற்றுக் கிடந்தாலும் அந்தச் சராசரியில் ஒரு புள்ளி அசையாது. எண்களை மட்டுமே சான்றாகக் கொள்ளும் ஆராய்ச்சி சிறிய சமூகங்களைக் கைவிட்டுவிடும் என்பதற்கு வேறு எடுத்துக்காட்டுத் தேடி அலைய வேண்டியதில்லை.

தகவல் தொடர்பு இத்தீவுகளுக்கு முதன்முதலில் வந்தது மக்களுக்காக அன்று. 1858இல் ஆங்கிலேயர் இங்கே தண்டனைக் குடியேற்றத்தை அமைத்தபோது, வெளியுலகத்தோடு தொடர்பை அறுப்பதே தண்டனையின் பாதி. பின்னர் எழுந்த செல்லுலார் சிறையில் அரசியல் கைதிகளுக்கு ஆண்டுக்கு ஒரு கடிதம் என்பது விதி. அதுவும் அதிகாரியின் கண்ணுக்குத் தப்பிப் போகாது. அதே காலத்தில், 1904-05ஆம் ஆண்டுகளில், போர்ட் பிளேருக்கும் பர்மியக் கரையை ஒட்டிய டைமண்ட் தீவுக்கும் இடையே கம்பியில்லாத் தந்தியை அரசு நிறுவிக்கொண்டது. இந்தியாவில் அந்தத் தொழில்நுட்பம் கால்வைத்த தொடக்க இடங்களுள் இது ஒன்று. ஆள்வோருக்கு நொடியில் செய்தி. ஆளப்படுவோருக்கு ஆண்டுக்கு ஒரு தாள். பேரரசுகளின் வலிமையைத் தகவல் சாதனங்களின் இயல்போடு பொருத்தி 1950இல் நூல் எழுதிய கனடிய அறிஞர் ஹரால்டு இன்னிஸ், எந்தச் சாதனமும் காலத்தின் பக்கமோ இடப்பரப்பின் பக்கமோ சாய்ந்தே இருக்கும், அச்சாய்வு அறிவைச் சிலர் கையில் குவிக்கும் என்று வாதிட்டார். புதிய வடம் யார் பக்கம் சாய்ந்திருக்கிறது என்ற வினாவை இத்தீவுகளில் எழுப்ப வரலாறே நமக்கு உரிமை தருகிறது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத், அரசின் சிறப்பு அனுமதி பெற்று அம்மாதம் போர்ட் பிளேரில் ஒரு வானொலி நிலையம் அமைத்திருந்தார். உலகெங்குமுள்ள அமெச்சூர் வானொலியாளர்கள் அந்தமானிலிருந்து வரும் அழைப்புக்காகப் பல ஆண்டுகளாகக் காத்திருந்த காலம் அது. பொழுதுபோக்காகத் தொடங்கிய அந்த ஒலிபரப்பின் நடுவிலேயே நிலம் நடுங்கியது. கடல் ஏறி இறங்கியபின் தொலைபேசி இல்லை, மின்சாரம் இல்லை, கார் நிக்கோபாரிலிருந்து ஒரு சொல் இல்லை. விடுதி அறையில் இருந்த அந்தக் கருவி தீவுகளின் தொண்டையாயிற்று. யார் உயிரோடிருக்கிறார், யாரைக் காணோம், எந்த முகாமுக்கு என்ன வேண்டும் என்று பெயர் பெயராக வாசித்து, தாயகத்தில் காத்திருந்த குடும்பங்களுக்குக் கடத்தினர் பாரதி பிரசாத்தும் அவர் தோழர்களும்.

அந்நாட்களில் கடத்தப்பட்ட செய்திகளின் தரவளவு மிகச் சிறிது. இன்று ஒரு கைப்பேசிப் படத்துக்குக்கூட ஈடாகாது. ஆனால் ஒரு பெயரைச் சரியாக உச்சரிப்பதும், அந்தப் பெயரை இன்னாருடைய மகன் என்று உறவோடு சேர்த்துச் சொல்வதும், கேட்டவர் அதை நம்பி அழுவதோ ஆறுதல் கொள்வதோ செய்வதும் சேர்ந்துதான் அங்கே தகவல் தொடர்பு ஆயிற்று. சமூகவியல் ஆராய வேண்டியது இந்த மூன்றாம் பகுதியை. கருவியின் வழியே சென்றது என்ன என்பதோடு, அது சேர்ந்த வீட்டில் என்ன செய்தது என்பதையும் அது கேட்க வேண்டும்.

அப்பேரழிவுக்குப் பின் நிக்கோபாரில் நடந்தது இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. நிக்கோபாரியரின் சமூக வாழ்வு 'துஹேத்' எனப்படும் கூட்டுக் குடும்பத்தில் வேர்கொண்டது. நிலமும் தென்னையும் பன்றிகளும் அதன் பொதுவுடைமை. பேரழிவுக்கு முன்பிருந்தே அத்தீவுகளில் ஆய்வு செய்துவந்த சிம்ரன் ஜித் சிங், நிவாரணம் தனித்தனிக் குடும்பத்துக்கென்று பணமாகவும் வீடாகவும் பகிரப்பட்டதால் துஹேத்தின் கட்டு எவ்வாறு தளர்ந்தது என்று விரிவாக எழுதியுள்ளார். கொடுத்தவர்கள் நன்மையையே எண்ணிக் கொடுத்தனர். பட்டியலில் 'குடும்பம்' என்ற கட்டத்துள் கணவனும் மனைவியும் பிள்ளைகளும் மட்டுமே அடங்கினர். துஹேத்துக்கு அங்கே கட்டமே இல்லை.

இன்றைய மின்னணு வாழ்வின் படிவங்கள் அதைவிட ஒடுக்கமானவை. கைப்பேசி எண் ஒருவருக்கு, வங்கிக் கணக்கு ஒருவருக்கு, ஆதார் ஒருவருக்கு, கடவுச்சொல் ஒருவருக்கு மட்டும். ஒருவரை அலகாகக் கொண்டே கட்டப்பட்ட இந்த அமைப்பு, கூட்டத்தை அலகாகக் கொண்ட சமூகத்துள் நுழையும்போது கொப்பரை விற்ற பணம் யாருடைய கணக்கில் ஏறுகிறது? மூத்தவர்களின் சொல்லுக்கு முன்பிருந்த இடம் இளைஞரின் குழு உரையாடலில் இருக்கிறதா? அல்லது நாம் அஞ்சுவதற்கு மாறாக, வேலைக்கும் படிப்புக்கும் சிதறிய துஹேத் உறுப்பினர்களைக் கைப்பேசியே மீண்டும் ஒன்று சேர்க்கிறதா? இரண்டும் நிகழக்கூடியவை. அங்கே சென்று, அம்மொழி கற்று, அம்மக்களோடு மாதக்கணக்கில் இருந்தாலன்றி விடை கிடைக்காது.

இருந்து பார்த்தல் என்னும் அந்த முறைக்கும் இத்தீவுகளுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. பிற்காலத்தில் ராட்கிளிஃப் பிரௌன் என்று உலகறிந்த ஆங்கில மானுடவியலாளர் தம் முதல் கள ஆய்வை 1906 முதல் 1908 வரை இங்கேதான் நடத்தினார். அதன் பயனான நூல் 1922இல் வெளிவந்தது. சடங்கும் வழக்கமும் சமூகத்தைக் கட்டிக்காக்க என்ன பணி ஆற்றுகின்றன என்று கேட்கும் கோட்பாட்டை அந்நூல் வழியாகவே அவர் வளர்த்தெடுத்தார். ஆக்ஸ்ஃபோர்டில் அவரிடம் பயின்றவர் எம். என். சீனிவாஸ், குடகர்களைப் பற்றிய சீனிவாஸின் நூலுக்கு 1952இல் முன்னுரை எழுதியவரும் ராட்கிளிஃப் பிரௌனே. ஏட்டில் உள்ள இந்தியாவை விட்டுக் களத்தில் உள்ள இந்தியாவைப் பாருங்கள் என்று நம் சமூகவியலை ராம்புரா என்னும் சிற்றூரின் தெருக்களுக்கு அழைத்துச் சென்றவர் சீனிவாஸ். அப்படியானால் இந்தியச் சமூகவியலின் ஒரு வேர் அந்தமான் மண்ணில் இறங்கியிருக்கிறது. அந்தக் கடனை அது இன்னும் அடைக்கவில்லை.

அந்தத் தொடக்கத்தில் குறையும் உண்டு. அதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ராட்கிளிஃப் பிரௌன் வந்தபோது இத்தீவுகளின் பழங்குடியினராகிய பேரந்தமானியர் நோயாலும் இடப்பெயர்ச்சியாலும் சிதைந்திருந்தனர். 1901 கணக்கெடுப்பில் அவர்கள் 625 பேர். 1961இல் 19 பேர். அழிந்துகொண்டிருந்த ஒரு சமூகத்திடம், பெரும்பாலும் இந்துஸ்தானி மொழிவழியாகவும் பிறர் பெயர்த்துச் சொல்லியும் கேட்டறிந்ததைக் கொண்டு நிலையான சமூகம் ஒன்றின் படத்தை அவர் வரைந்தார். அவருக்கு முன்னரே 1890களில் எம். வி. போர்ட்மன் என்னும் அதிகாரி அதே மக்களை நிற்க வைத்து, உடல் அளவெடுத்து, நூற்றுக்கணக்கான படங்கள் பிடித்தார். அப்படங்கள் லண்டன் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. படத்தில் நின்றவர்களிடம் இசைவு கேட்கும் எண்ணமே அக்காலத்துக்கு இல்லை.

அந்தப் பார்வை இன்றும் ஓயவில்லை. தென் அந்தமானின் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் விடியுமுன்பே வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகைகளைக் காணச் செல்லும் பயணியரே அவற்றுள் பெரும்பாலோர். வண்டியை நிறுத்தக் கூடாது, உணவு கொடுக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்று பலகைகள் அறிவிக்கின்றன. குறித்த வேளையில் கதவு திறந்ததும் காவல் வண்டி துணையோடு அணிவகுப்பு ஜாரவாப் பழங்குடி மக்களின் காட்டுக்குள் நுழைகிறது. இவற்றுள் கடைசித் தடை ஒவ்வொரு பயணியின் கையிலும் உள்ள கருவியை நோக்கி விதிக்கப்பட்டது. 2012 ஜனவரியில் லண்டனின் 'அப்சர்வர்' இதழ் வெளியிட்ட காணொளியில், ஜாரவாப் பெண்கள் பயணியருக்கு முன் ஆடவைக்கப்பட்ட காட்சி இருந்தது. நாடே தலைகுனிந்தது. 1956ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை அவ்வாண்டே திருத்தப்பட்டுத் தண்டனை கடுமையாக்கப்பட்டது. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அச்சாலையில் சுற்றுலாப் போக்குவரத்துக்குத் தடை விதித்துச் சில வாரங்களுக்குப் பின் விலக்கியது. ஆயினும் 2017இல் தேசியப் பழங்குடியினர் ஆணையம் தலையிட்டு, யூடியூபில் குவிந்திருந்த ஜாரவாக் காணொளிகளை அகற்றச் சொல்லவேண்டிய நிலை இருந்தது. 2025 மார்ச்சு மாதம் 24 வயது அமெரிக்க இளைஞர் ஒருவர் தடையை மீறி வடக்கு சென்டினல் தீவின் கரையில் இறங்கி, ஒரு குளிர்பான டப்பாவையும் தேங்காயையும் வைத்துவிட்டு, அதைக் காணொளியாகவும் எடுத்துக்கொண்டு திரும்பிப் பின்னர்க் கைதானார். வெளியார் கொண்டுவரும் சாதாரணக் காய்ச்சலே பெருங்கேடாகக் கூடிய மக்கள் வாழும் கரை அது.

மின்னணுப் பண்பாட்டை ஆராய்வதாகச் சொல்லிக்கொண்டு இனியும் யாரேனும் ஜாரவாக்களிடமோ சென்டினல் தீவினரிடமோ கருவியோடு செல்ல நினைத்தால் அதைத் தடுக்கவேண்டும். அங்கே ஆராயப்பட வேண்டியவர்கள் நாம். தடையென்று தெரிந்தும் கண்ணாடிக்குப் பின்னால் கைப்பேசியை உயர்த்தும் கை யாருடையது? அந்தப் படத்தைப் பார்க்கும் பல இலட்சம் பேர் எந்த ஊர்களில் இருக்கிறார்கள், எந்த மொழியில் என்ன எழுதிப் பகிர்கிறார்கள்? 'காட்டுமிராண்டிகள்' என்ற சொல்லைத் தலைப்பில் வைத்தால் பார்வையாளர் பெருகுவர் என்று ஒருவருக்கு எப்படித் தெரிந்தது? பார்வை கூடக் கூடப் பணம் தரும் நிறுவனத்தின் ஏற்பாடு அந்தச் சொல்லை எவ்வாறு வளர்க்கிறது? இக்கேள்விகளுக்கு விடை காண எந்தக் காட்டுக்குள்ளும் நுழைய வேண்டியதில்லை. தமிழிலும் இத்தகைய காணொளிகள் மிகுதியாக உலவுகின்றன என்பதை வெட்கத்தோடு குறிப்பிடவேண்டியுள்ளது. தமிழாய்வாளர் தம் மொழியிலிருந்தே தொடங்கலாம்.

வேறுவிதமான பதிவும் உண்டு. மொழியியலாளர் அன்விதா அப்பி, பேரந்தமானிய மொழியைப் பேச எஞ்சியிருந்த சிலரோடு பல ஆண்டுகள் பழகி அவர்கள் சொற்களையும் கதைகளையும் பாடல்களையும் பதிந்தார். பேரந்தமானிய மொழிகளுள் ஒன்றான போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா மூதாட்டி 2010 ஜனவரி 26இல் மறைந்தபோது, அவர் குரல் இணையத்தின் வழி உலகெங்கும் ஒலித்தது. தம் தாய்மொழியில் பேச ஓர் ஆள்கூட மிஞ்சாத நிலையில் வாழ்ந்த அவரது குரலை, அதன் ஒரு சொல்லும் புரியாத மக்கள் கடல் கடந்து கேட்டனர். போர்ட்மனின் படத்துக்கும் அப்பியின் பதிவுக்கும் உள்ள வேறுபாடு, பேசியவர் தாமே பேச விரும்பினாரா என்பதிலும், எத்தனை நாள் பழகியபின் அப்பேச்சு பிறந்தது என்பதிலும் அடங்கியிருக்கிறது.

பழகி அறிதலுக்கும் எண்ணி அறிதலுக்கும் பகை இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதற்குக் கேரளக் கடற்கரை சான்று. 1997 முதல் 2001 வரை வட கேரளத்தில் கைப்பேசி பரவியபோது மத்திச் சந்தைகளில் விலை வேறுபாடு குறைந்ததையும், விற்காமல் வீணான மீன் ஏறக்குறைய இல்லாமற் போனதையும் பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சன் 2007இல் எண்களால் நிறுவினார். உலகமே அதை மேற்கோள் காட்டியது. கைப்பேசி கொடுத்தால் வறுமை ஓடும் என்று பேசியவர்களும் உண்டு. பின்னர் ஜானகி சீனிவாசனும் ஜென்னா பரலும் அதே கேரளக் கடற்கரையில் மீனவரோடு தங்கி ஆராய்ந்து 2013இல் எழுதினர். கடன் கொடுத்த ஏலக்காரரோடு உள்ள பிணைப்பு, படகின் வகை, கரையிறங்கும் துறை ஆகியவை எந்தச் சந்தைக்கு எவர் போகமுடியும் என்பதைத் தீர்மானித்தன. விலை விசாரிப்பதற்கு மட்டுமன்றி வேறு பலவற்றுக்கும் அவர்கள் தொலைபேசியைப் பயன்படுத்தினர். ஜென்சனின் எண்கள் பொய்யல்ல; கேட்காத கேள்விக்கு எண்கள் விடை சொல்லா. போர்ட் பிளேரின் ஜங்லிகாட் துறையில் மீன் இறக்குவோர்க்கும் இது பொருந்தும். அவர்களுள் யாருக்கு யார் முன்பணம் கொடுத்திருக்கிறார் என்று தெரியாமல், அவர்கள் கைப்பேசியில் விலை பார்க்கிறார்களா என்று கேட்பது வீண்.

தீவு வாழ்வை ஆராய்ந்த முன்மாதிரியும் இருக்கிறது. டேனியல் மில்லரும் டான் ஸ்லேட்டரும் கரிபியக் கடலின் டிரினிடாட் தீவில் இணையம் பரவிய முதல் ஆண்டுகளை ஆராய்ந்து 2000இல் நூல் வெளியிட்டனர். இணையம் மக்களை இடமற்றவராக்கிவிடும் என்ற அன்றைய எதிர்பார்ப்புக்கு மாறாக, டிரினிடாட்டினர் அதைக்கொண்டு மேலும் டிரினிடாட்டினராகவே ஆயினர் என்றும், வெளிநாடுகளில் சிதறிய குடும்பங்கள் அதன்வழி நெருங்கின என்றும் அவர்கள் கண்டனர். அதே மில்லர் பின்னர் வழிநடத்திய உலகளாவிய ஆய்வில் ஒரு களம் நம் தமிழகத்தில் அமைந்தது. ஸ்ரீராம் வெங்கட்ராமன் சென்னைக்கு அருகே, தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் எழுந்த ஊர்ப்புறத்தில் 15 மாதங்கள் தங்கி, 'பஞ்சகிராமி' என்ற புனைபெயரில் அவ்வூரைப் பற்றி 2017இல் எழுதினார். சாதியும் வகுப்பும் குடும்பக் கண்டிப்பும் பெண்பிள்ளையின் கைப்பேசிக்குள் எப்படி நுழைகின்றன என்று அந்நூல் காட்டுகிறது. நூலை யாரும் விலையின்றிப் படிக்கலாம். அதுபோல் ஒன்று தீவுகளுக்கு வேண்டும்.

ஏன் வேண்டும் என்பதற்கு இங்குள்ள தமிழரையே எடுத்துக்கொள்ளலாம். 2011 கணக்கின்படி தீவு மக்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தமிழ் தாய்மொழி. கூலிக்கும் வணிகத்துக்கும் அரசுப் பணிக்கும் வந்தவர்கள், பர்மாவிலிருந்து திரும்பியவர்கள், 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள் என்று ஒரே மொழிக்குள் பல வரலாறுகள். தெருவின் பொதுமொழி இந்தி. இப்படி ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள்: பாட்டி இராமநாதபுரத்தில், மகன் போர்ட் பிளேரில், இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில், ஒப்பந்தக்காரர், பேத்திக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. முன்பு மூன்று நாள் கப்பலில் கடிதம் வந்தபோது அதைத் தகப்பன் உரக்கப் படிப்பார், வீடே கேட்கும். இன்று பாட்டியின் குரல் நேராகப் பேத்தியின் காதில் விழுகிறது. அவளும் குரலிலேயே பதிலனுப்புகிறாள். எழுத்து நடுவிலிருந்து விலகிவிட்டது. படித்துச் சொன்ன தகப்பனும் விலகிவிட்டார். அவள் தமிழ் வாழுமா தேயுமா? போர்ட் பிளேரின் வெற்றிமலை முருகன் கோயில் விழாவை ஊரில் இருப்பவர்கள் நேரலையில் காண்பதும், ஊர்த் திருவிழாவைத் தீவில் இருப்பவர்கள் காண்பதும் ஊர் என்ற உணர்வை என்ன செய்கின்றன? கச்சால் தோட்டத்தாரின் பிள்ளைகள், அரை நூற்றாண்டுக்குப் பின் இலங்கை மலையகத்து உறவினரைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்களா? இவை தமிழ்ப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளில் இடம்பெறத் தகுதியற்றவை என்று எவர் சொல்வார்?

வதந்தியையும் விட்டுவிடலாகாது. கடலால் ஒருமுறை விழுங்கப்பட்ட கரையில் 'மறுபடியும் வருகிறதாம்' என்னும் ஒரு வரி போதும், மக்கள் மேட்டை நோக்கி ஓட. வாட்ஸப் போன்ற மூடிய குழுக்களில் அந்த வரி ஓடும் பாதையை வெளியிலிருந்து எந்தக் கணினியாலும் அள்ளி எடுக்க முடியாது. குழுவில் இருப்பவர் நம்பித் தம் கைப்பேசியைக் காட்டினால்தான் உண்டு. 1934 ஜனவரி 15இல் பீகாரை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பின் ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் அங்கே உலவிய வதந்திகளைத் திரட்டி ஆராய்ந்தார். நடுக்கத்தை உணர்ந்தும் சேதம் காணாத ஊர்களில் இன்னும் பெரிய அழிவு வரும் என்ற பேச்சே பரவியது. அந்த அச்சத்துக்குக் காரணம் தேடிப் போய்த்தான் அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் மனமுரண்பாட்டுக் கோட்பாட்டை 1957இல் உருவாக்கினார். குறிப்பேடும் பொறுமையும் கொண்டு ஓர் இந்தியர் செய்த வேலை உலகக் கோட்பாடு ஒன்றுக்கு வித்திட்டது. ஹைதராபாத்திலிருந்து ஆழிப்பேரலை எச்சரிக்கை இன்று சில நிமிடங்களில் வந்துவிடுகிறது. அதைக் கிரேட் நிக்கோபாரின் காம்ப்பெல் விரிகுடாவில் உள்ளவர் யார் வாய்வழி கேட்டால் நம்புகிறார் என்பதை அறிவது உயிர் காக்கும் அறிவு.

இவ்வாய்வைச் செய்ய வெளியூர் அறிஞர் மூன்று மாத விடுப்பில் வந்துபோவது போதாது. போர்ட் பிளேரின் ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரி 1967 முதல் தீவுப் பிள்ளைகளைப் பயிற்றுவித்து வருகிறது. மாயாபந்தரில் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு இங்கே வளாகம் உண்டு. மானுடவியல் ஆய்வுத் துறையின் அலுவலகம் 1951 முதல் இயங்குகிறது. கார் நிக்கோபாரில் பிறந்த அன்ஸ்டிஸ் ஜஸ்டின் அத்துறையிலேயே ஆய்வாளராகி உயர் பொறுப்பு வகித்தது, நிக்கோபாரியரைப் பற்றி நிக்கோபாரியரே எழுதமுடியும் என்பதற்குக் கண்கண்ட சான்று. வங்காளி, தமிழ், தெலுங்கு, மலையாளம், நிக்கோபாரி, கரேன், ராஞ்சிக் குடியினர் எனத் தத்தம் வீட்டு மொழியில் கேட்கவும் எழுதவும் வல்ல மாணவர் இங்கே இருக்கின்றனர். அவர்களுக்குக் களப்பயிற்சியும் உதவித்தொகையும் வேண்டும். ஆய்வின் முடிவு ஆங்கில இதழொன்றில் அடங்கிவிடாமல், பேசியவர் மொழியில் அச்சாகி அவர் ஊர்ப் பள்ளிக்கும் பழங்குடி மன்றத்துக்கும் சேரவேண்டும். குரல் கொடுத்தவர் பின்னாளில் வேண்டாமென்றால் பதிவை நீக்கும் உரிமையும் எழுத்தில் இருக்கவேண்டும்.

தக்க வேளையும் வந்திருக்கிறது. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலில் இணைய வசதி உண்டா, கைப்பேசி உண்டா என்ற கேள்விகள் இடம்பெற்றுள்ளன. கணக்கெடுப்பாளர் விடையைப் பதிந்துகொண்டு அடுத்த வீட்டுக்குச் செல்வார். அவர் பணி அவ்வளவே. கணக்கெடுப்பு முடிந்த ஊர்களுள் வடக்கே டிக்லிபூரிலிருந்து தெற்கே காம்ப்பெல் விரிகுடா வரை சிலவற்றைத் தேர்ந்து, அவ்வூர்ப் பிள்ளைகளாகிய கல்லூரி மாணவரை ஓராண்டேனும் அங்கே தங்கி ஆராய அனுப்பத் தீவு நிர்வாகமும் புதுவைப் பல்கலைக்கழகமும் இப்போதே நிதி ஒதுக்கவேண்டும். கச்சாலுக்கும் போர்ட் பிளேருக்கும் அனுப்பத் தக்க தமிழாய்வாளரைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் தம் செலவில் அனுப்பலாம். கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்தே புறப்படுகிறது.